அக்குள் அரிப்பும் ஒரு சின்ன ட்யூபும்

முதல்லயே சொல்லிடறேன், இது அக்குளைப் பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க கை கழுவிட்டு அப்புறமா வாங்க. :-)

நம்ம ஆபீஸ்ல தலைவலின்னா ஊருக்கே சொல்லலாம். வயித்தால போகுதுன்னாக்கூட டீம் லீடுக்கு மெயில் தட்டி லீவு கேக்கலாம். "அக்குள் அரிக்குது சார், நாளைக்கு வரலை"ன்னு இதுவரைக்கும் எவனாவது கேட்டிருக்கானா? அக்குள், கக்கம், கமுக்கட்டுன்னு ஊருக்கு ஒரு பேரு வெச்சிருக்கோம். ஆனா அங்க ஒரு பிரச்சினைன்னு வாயைத் தொறந்து சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை. சொல்லாம என்ன பண்றோம்? நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போறோம். அங்கேயும் எங்க அரிக்குதுன்னு சொல்றதில்லை. "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க", அவ்ளோதான். அவரும் எங்கன்னு கேக்க மாட்டாரு. அந்த நாகரிகம்தான் இந்தப் பதிவோட வில்லன்.

என் கதையைச் சொல்றேன். மே மாசம், சென்னை. வேளச்சேரியில மூணு பேர் ஒரு ரூம். காலையில ஷேவ் பண்ணின அக்குள்ல சூடு ஆறுறதுக்குள்ள டியோவைப் புஸ்ஸுன்னு அடிச்சுக்கிட்டு, லேப்டாப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஓஎம்ஆர் டிராஃபிக்ல ஒரு மணி நேரம். இந்த வாழ்க்கையில அரிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். முதல்ல வேர்க்குருன்னு நெனச்சு பவுடர் கொட்டினேன். வேர்வையில அது மாவாப் பிசைஞ்சு ஒட்டிக்கிச்சு. அப்புறம் டியோவை மாத்தினேன். ஜூன்ல ட்யூப் வாங்கினேன்.

சும்மா சொல்லக்கூடாது, ட்யூப் வேலை செஞ்சுது. ரெண்டே நாள்ல அரிப்பு, சிவப்பு எல்லாம் போயே போச்சு. நிறுத்தினேன். ஒரு வாரத்துல திரும்பி வந்துச்சு, கொஞ்சம் பெரிசா. மறுபடி போட்டேன், போச்சு. நிறுத்தினேன், வந்துச்சு. இப்படியே எட்டு மாசம். இஞ்சினியரிங் படிச்சவன், தினமும் பத்து பக் ஃபிக்ஸ் பண்றவன், இந்த லூப்பை எட்டு மாசம் கவனிக்கலைன்னா பாத்துக்கங்க. நடுவுல இடுப்புலயும் ஒரு வட்டம் வந்துச்சு. அதுக்கும் அதே ட்யூப்.

கடைசியில கண்டுபிடிச்சது ரூம்மேட். சட்டையில்லாம கொடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். "மச்சி, என்னடா அக்குள்ல கோடு கோடா இருக்கு, ஜிம்முக்கா போற?"ன்னான். கண்ணாடியில பாத்தேன். பிரசவமான பெண்களுக்கு வயித்துல வருமே, அந்த மாதிரி செவப்புக் கோடுகள், ரெண்டு பக்கமும். அன்னிக்குத்தான் தோல் டாக்டர்கிட்ட போறதுன்னு முடிவு பண்ணினேன்.

அந்த டாக்டரம்மா பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன ட்யூப் போட்டீங்க?" பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பி, பொடி எழுத்தைப் படிச்சுட்டு ஒரு பெருமூச்சு. அதுல நாலு மருந்து கலந்திருந்தது. காளானுக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ரெண்டு, கூடவே க்ளோபெட்டசால். இந்தக் கடைசி ஆசாமி ஒரு ஸ்டீராய்டு. மேல பூசுற ஸ்டீராய்டுகள்லயே அதிக வீரியமான வகையைச் சேர்ந்தது. தொடர்ச்சியா ரெண்டு வாரத்துக்கு மேல போடாதே, முகம், அக்குள், தொடையிடுக்குல போடாதேன்னு அந்த மருந்தோட குறிப்புலயே இருக்கு. நான் போட்டது அக்குள்ல, எட்டு மாசம்.

அக்குள்ல மட்டும் ஏன் கூடாதுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். அங்க தோல் மெலிசு, மடிப்பு வேற, ஈரம் வேற. 1967-ல ஃபெல்ட்மேன், மைபாக்னு ரெண்டு பேர் உடம்போட வெவ்வேற இடத்துல ஹைட்ரோகார்ட்டிசோன் தடவி எவ்வளவு உள்ள போகுதுன்னு அளந்திருக்காங்க. முன்னங்கையில போறது 1-ன்னு வெச்சுக்கிட்டா அக்குள்ல 3.6. விதைப்பையில 42! (ஆண்கள் அந்தக் கடைசி நம்பரை இன்னொரு தடவை படிக்கவும்.) அதாவது கையில போடுற அதே ட்யூப், அக்குள்ல மூணரை மடங்கு உள்ள இறங்குது. தோலோட அடிநார் நைஞ்சு போய்த்தான் அந்தக் கோடு விழுது. செவப்பு மங்கி வெள்ளையாகும், ஆனா முழுசா மறையாது. என்கூடவே இருக்கப்போகுது.

சரி, அரிப்பு ஏன் போய்ப் போய் வந்துச்சு? எனக்கு இருந்தது படர்தாமரை, காளான் தொற்று. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடறதுதான் அந்தச் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு என்ன செய்யும்னா, காளானை விட்டுட்டு அந்தச் சண்டையை நிறுத்தும். ஆபீஸ் பாஷையில சொன்னா, எம்ப்டி கேட்ச் பிளாக். எரர் வருதா, முழுங்கிடு, ஸ்க்ரீன் க்ளீனா இருக்கும், உள்ள டேட்டாபேஸ் நாறிக்கிட்டு இருக்கும். கூடவே இருக்கிற காளான் மருந்து பாத்துக்காதான்னு கேக்கலாம். அரிப்பு நின்ன ரெண்டாம் நாளே நாம ட்யூபை மூடிடறோமே, அது எங்க பாக்கும்? மிச்சக் காளான் நிம்மதியா வளரும். இப்படி உருவம் மாறி, பழக்கப்பட்ட டாக்டரையே குழப்புற படர்தாமரைக்கு மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு, டினியா இன்காக்னிட்டோ. மாறுவேஷப் படர்தாமரை!

அந்தம்மா ஒரு பிளேடால லேசாச் சுரண்டி, அந்தத் தூளைக் கண்ணாடியில வெச்சு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எட்டு மாசம் நான் செய்யாத பத்து நிமிஷ வேலை.

அப்புறம் கேட்டாங்க, "வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

இங்கதான் எனக்கு வேர்த்துச்சு. ரூம்மேட்டுக்கு இருந்தது, ஒரே துண்டு புண்ணியம். அதைவிடப் பெரிசு, பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாவும் அக்குளைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தாரு. "இது சூப்பர் மருந்துப்பா, ரெண்டே நாள்ல கேக்கும்"னு ஒரு புது ட்யூபை நானே கொடுத்துட்டு வந்தேன். அம்மா சீமை அகத்தி இலையை அரைச்சுப் பூசலாம்னாங்க. நான் சிரிச்சேன். (அந்த இலையைப் படர்தாமரைக்குப் போடறது நாட்டு வைத்தியத்துல பழசு. என் ட்யூபை விட அது குறைஞ்ச சேதம்தான் பண்ணியிருக்கும்.)

மறுவாரமே காரைக்குடி போய் அப்பாவை அங்கேயே ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு லைட்டை அணைச்சுட்டு ஊதா வெளிச்சம் வர்ற ஒரு விளக்கை அக்குள்ல அடிச்சாரு. பவளச் சிவப்புல மின்னுச்சு! அப்பாவுக்கு இருந்தது காளானே இல்லை. எரித்ராஸ்மான்னு ஒரு பாக்டீரியா தொற்று. அந்தக் கிருமி உண்டாக்குற ஒரு பொருள்தான் அந்த வெளிச்சத்துல அப்படி மின்னுமாம். பாக்க பழுப்பா ஒரு திட்டு, அவ்வளவுதான். அதுக்கு க்ளிண்டாமைசின் மாதிரி மருந்து போதும். ஆனா டாக்டர் அதோட விடலை. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இது வர்றது சகஜம், ரத்தம் பாருங்கன்னாரு. பாத்தோம். வெறும் வயித்துல 190-க்கு மேல. அப்பா வாழ்க்கையில ஒரு தடவைகூட சர்க்கரை பாத்ததில்லை. அந்த அரிப்பு அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நான் ட்யூபைக் கொடுத்து அதோட வாயை மூடப் பாத்தேன்.

ஒரே அப்பா-மகன், ஒரே அக்குள், ரெண்டு வேற வேற வியாதி. இதுக்கு ஒரே ட்யூப்ங்கிறதே அபத்தம் இல்லையா?

இன்னும் எத்தனை காரணம் இருக்கு தெரியுமா? டியோல இருக்கிற வாசனைப் பொருள் சில பேருக்கு ஒத்துக்காது. அப்படின்னா குழியோட நடுவுல அரிக்கும். சட்டைச் சாயம் ஒத்துக்கலைன்னா நடுவை விட்டுட்டு ஓரத்துல, துணி உரசுற மடிப்புல அரிக்கும். இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது, இடத்தைப் பாத்தே குற்றவாளியைப் பாதி பிடிச்சிடலாம். ராத்திரியில மட்டும் பிச்சு எடுக்குது, விரலிடுக்குலயும் இருக்கு, வீட்டுல எல்லாரும் சொறியறாங்கன்னா அது சிரங்கு. வீட்டுக்கே சேர்த்து மருந்து போடணும். செவப்புத் திட்டு, சுத்தியும் குட்டிக் குட்டிப் புள்ளின்னா கேண்டிடா. வலியோட கட்டி கட்டியா வந்து, உடைஞ்சு, தழும்பாகி, திரும்பத் திரும்ப வந்தா அது வேற சமாச்சாரம், உடனே காட்டணும். வெறுமனே ஷேவ் பண்ணின எரிச்சலாவும் இருக்கலாம். அதுக்கு நாலு நாள் பிளேடையும் டியோவையும் விட்டாலே போதும்.

ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்லலை. டியோ அலர்ஜிக்கு ஒரு மிதமான ஸ்டீராய்டை நாலஞ்சு நாளைக்கு டாக்டரே எழுதுவாரு. என்னன்னு பாத்துட்டு எழுதுவாரு, அதான் வித்தியாசம். என் கோபம், எதுக்குன்னு தெரியாத அரிப்புக்கு எல்லாத்தையும் ஒரே குப்பியில கலக்கி விக்கறாங்களே, அது மேல. குறி பாக்காம நாலு திசையிலயும் சுடறதுக்குப் பேரு வைத்தியமா?

சட்டம் இல்லையான்னா, இருக்கு. முன்னாடி தோல்ல பூசுற மருந்துகளுக்கு மருந்துச்சீட்டு விதியில ஒரு விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் விடாம கத்தின பிறகு, 2018 மார்ச்சுல மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை எடுத்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல தடை பண்ணின 328 கூட்டு மருந்துல இந்த மாதிரி களிம்பும் சிலது இருந்தது. ஆனா நான் வாங்கினப்ப ஒருத்தரும் சீட்டு கேக்கலை. கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமும் இல்லை. சீட்டு கேட்டா நாமதான் பக்கத்துக் கடைக்குப் போயிடுவோமே.

இது நம்ம ஒருத்தர் தோலோட போற விஷயமும் இல்லை. டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்காத ஒரு புது காளான் நம்ம பக்கம் பரவிக்கிடக்கு. 2020-ல ஜப்பான் ஆய்வாளர்கள் அதுக்கு வெச்ச பேரு ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினே. பேருலயே இந்தியா இருக்கு, பெருமைப்படுங்க. 2023-ல நியூயார்க்ல ரெண்டு பேருக்கு இருந்ததா அமெரிக்காக்காரன் அறிக்கை விட்டான். இது இப்படிப் பரவினதுக்குக் கண்டபடி பூசின இந்த ஸ்டீராய்டு ட்யூபும் ஒரு காரணம்னு தோல் டாக்டர்கள் சொல்றாங்க. சாஃப்ட்வேருக்கு அப்புறம் நாம வெற்றிகரமா ஏற்றுமதி பண்ணின ஐட்டம் இதுதான் போல.

வீட்ல இருக்கிற ட்யூபை ஒரு தடவை திருப்பிப் படிங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், பெக்லோமெத்தசோன்னு இருந்தா ஸ்டீராய்டு. க்ளோபெட்டசாலும் க்ளோட்ரிமசோலும் கேக்க ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். முதலாவது ஸ்டீராய்டு, ரெண்டாவது காளான் மருந்து. எவன்தான் இப்படிப் பேரு வெச்சானோ!

என் வைத்தியம் மூணு மாசம் ஓடுச்சு. மாத்திரை, கூடவே வெறும் காளான் களிம்பு. வட்டத்துக்கு வெளியில ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் பூசணும், மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரம் பூசணும். ஸ்டீராய்டை நிறுத்தின முதல் பத்து நாள் அரிப்பு டபுளா வந்துச்சு. வரும்னு அந்தம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இல்லைன்னா நான் மறுபடி கடைக்கு ஓடியிருப்பேன். துண்டு, பனியன் எல்லாம் தனி, சுடுதண்ணியில அலசி வெயில்ல காயப்போட்டு அயர்ன். குளிச்சா அக்குளை நல்லாத் துடைச்சுட்டுத்தான் சட்டை. இவ்வளவுதான் ரகசியம்.

அப்பாவுக்கு அரிப்பு நின்னுடுச்சு. சர்க்கரைக்கு மாத்திரை போடறாரு, காலையில நடக்கறாரு, அம்மாவுக்குத் தெரியாம மைசூர்பாகும் சாப்பிடறாரு. போன வாரம் போன்ல பேசினப்ப ஞாபகம் வந்து கேட்டேன், "அப்பா, அந்த பழைய ட்யூபைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"புதுசுடா தம்பி, பாதிக்கு மேல இருந்துச்சு. உங்க மாமா கால்ல அரிக்குதுன்னாரு, அவருக்குக் கொடுத்துட்டேன்."