மகளுக்கு எல்.கே.ஜி சீட் தேடுறீங்களா? ஃபீஸ் கட்டும் முன் தனியார் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள்!

விஜயதசமி அன்று அரிசியில் 'அ' எழுத வைத்த கையோடு தேடல் தொடங்கிவிடுகிறது. சில பள்ளிகளில் பொங்கலுக்கு முன்பே அப்ளிகேஷன் முடிந்துவிடும். சில பள்ளிகளின் வாசலில் ஜூன் வரைக்கும் 'அட்மிஷன் நடைபெறுகிறது' பேனர் தொங்கும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் "எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்?" என்று கேட்டால், பத்து பேர் பத்து பெயர் சொல்வார்கள்.

மூன்றரை வயது மகளுக்காக எடுக்கும் இந்த முடிவு, எல்.கே.ஜி முதல் 5-ஆம் வகுப்பு வரை ஏழு ஆண்டுகளுக்கு வீட்டு பட்ஜெட்டைத் தீர்மானிக்கும். ஆனால் பல பெற்றோர் பார்ப்பது கட்டடம், ஏசி வகுப்பறை, பிரின்சிபால் பேசும் இங்கிலீஷ் ஆகியவற்றைத்தான். பேப்பரில் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டிய விஷயங்கள் வேறு. அவற்றைக் கேட்கும் உரிமை சட்டப்படியே பெற்றோருக்கு இருக்கிறது.

சிபிஎஸ்இ-யா, மெட்ரிக்கா?

பெரும்பாலான வீடுகளில் முதல் விவாதம் இதுதான். ஆனால் தொடக்கப் பள்ளி அளவில் இந்தப் பெயர்ப் பலகைக்கு நாம் நினைக்கிற அளவு முக்கியத்துவம் இல்லை.

சமச்சீர் கல்வியை எல்லா வகுப்புகளிலும் அமல்படுத்த 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பொதுப் பாடத்திட்டம் ஒன்றுதான். இதற்கு மேல் தனியார் பதிப்பகப் புத்தகங்களை வாங்கச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. அதனால் 'எந்தப் புத்தகம், அதற்கு எவ்வளவு?' என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வெளிமாநிலங்களுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகும் வேலையில் இருப்பவர்களுக்கு சிபிஎஸ்இ வசதி. ஆனால் 'சிபிஎஸ்இ பேட்டர்ன்' என்று போர்டில் எழுதியிருப்பதும், சிபிஎஸ்இ இணைப்பு பெற்றிருப்பதும் ஒன்றல்ல. இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, சிபிஎஸ்இ-யின் 'சரஸ்' இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வயதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 5 வயது முடிந்த குழந்தையை 1-ஆம் வகுப்பில் சேர்க்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் 6 வயது முடிந்திருக்க வேண்டும். பின்னாளில் அங்கே மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த ஓராண்டு வித்தியாசத்தை இப்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

தமிழ் படிக்க முடியாமல் போய்விடுமோ என்ற கவலை பலருக்கு உண்டு. தமிழ் கற்கும் சட்டம் 2006-இல் வந்தது. சிபிஎஸ்இ உள்ளிட்ட பிற வாரியப் பள்ளிகளிலும் 2015-16 கல்வியாண்டு முதல் படிப்படியாகத் தமிழ்ப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. வாரத்துக்கு எத்தனை தமிழ் வகுப்பு என்று கேட்டால் அந்தப் பள்ளி தமிழை எங்கே வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

1-ஆம் வகுப்பிலேயே மூடும் ஒரு கதவு

பலருக்குத் தெரியாத விஷயம் இது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் இந்தச் சலுகை கிடைக்கும். அதாவது, இங்கிலீஷ் மீடியத்தில் 1-ஆம் வகுப்பு சேர்த்த அன்றே மகளுக்கு இந்த வாய்ப்பு போய்விடுகிறது.

அதே நேரம், திறந்தே இருக்கும் கதவுகளும் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஆகிய இரண்டும் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான படிப்பையே பார்க்கின்றன. தொடக்கக் கல்வியைத் தனியாரில் முடித்துவிட்டு 6-ஆம் வகுப்பில் மகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் இவற்றுக்குத் தகுதி உண்டு. '12-ஆம் வகுப்பு வரைக்கும் ஒரே ஸ்கூல்' என்று இப்போதே முடிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

அங்கீகாரம் இருக்கா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 18-வது பிரிவின்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வரை.

தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெறவும் புதுப்பிக்கவும் நான்கு சான்றுகள் முக்கியம். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. இது வெறும் பேப்பர் வேலை இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். கூரை வேய்ந்த சமையல் கூடத்திலிருந்து பரவிய தீ அது. ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிகள் இயங்கியதால் இழப்பு பல மடங்கானது.

அங்கீகார ஆணையில் கடைசித் தேதி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளியின் 11 இலக்க 'யூடைஸ்' எண்ணை வாங்கினால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை விவரம் எல்லாவற்றையும் மத்திய அரசின் இணையதளத்தில் மொபைலிலேயே பார்க்கலாம். விளம்பரத்தில் சொல்வதும் அங்கே பதிவாகியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

ஃபீஸ்: சொல்றது ஒண்ணு, கட்டுறது ஒண்ணு

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தனிச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்குவது குற்றம். சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடமுண்டு.

நடைமுறையில் இடிப்பது எங்கே? குழு நிர்ணயித்த தொகைக்கு ஒரு ரசீது. ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, ஆண்டு விழா என்று மீதித் தொகைக்குத் துண்டுச் சீட்டு, அல்லது அதுவும் இல்லை. அதனால் 'கல்விக் கட்டணம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?' என்று கேட்க வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு:

கல்விக் கட்டணம் – ரூ.40,000
வேன் – ரூ.18,000
புத்தகம், நோட்டு – ரூ.7,000
யூனிஃபார்ம், ஷூ – ரூ.5,000
ஆக்டிவிட்டி – ரூ.6,000
மொத்தம் – ரூ.76,000

40,000 ரூபாய் என்று நினைத்துப் போன பள்ளியில் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால் ஏழு ஆண்டுகளில் மொத்தச் செலவு சுமார் 7.21 லட்சம் ரூபாய். தங்க நகையை அடகு வைத்து முதல் டெர்ம் கட்டும் குடும்பங்கள், இரண்டாவது ஆண்டிலேயே திணறுவது இதனால்தான்.

பாதியில் பள்ளி மாற்ற நேர்ந்தால் பலருக்கும் இருக்கும் பயம் டி.சி. ஃபீஸ் பாக்கியை வசூலிக்க டி.சி-யைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பாக்கி இருப்பதை டி.சி-யில் எழுதவும் கூடாது.

மகளின் பாதுகாப்பு: நேரில் பார்க்க வேண்டியவை

2025 ஜனவரியில் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி படித்த சிறுமி, பள்ளி வளாகத்தில் இருந்த கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து உயிரிழந்தாள். அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து 4 வயதுச் சிறுமி பலியானாள். சரியான மூடியும், கவனிக்க ஒரு ஆளும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள்.

எனவே, பள்ளியைப் பார்க்கப் போகும்போது ரிசப்ஷனோடு திரும்பி வரக் கூடாது. தொட்டிகள் எங்கே, மூடி எப்படி இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சின்னக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறைக்குக் கூட்டிப் போகும் ஆயா யார் என்று பார்க்க வேண்டும். 'பேரன்ட்ஸ் உள்ளே வரக் கூடாது' என்று அட்மிஷனுக்கு முன்பே சொல்லும் பள்ளி, அட்மிஷனுக்குப் பிறகு கதவைத் திறக்கப்போவதில்லை.

அடுத்தது பயணம். 2012 ஜூலையில் சென்னை சேலையூரில் 2-ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து உயிரிழந்தாள். அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், உதவியாளர், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவை கட்டாயம். 2022-இல் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் சேர்க்கப்பட்டன.

ஆனால் பல ஊர்களில் குழந்தைகள் போவது தனியார் ஆம்னி வேனிலும் ஆட்டோவிலும்தான். 'அது பேரன்ட்ஸ் ஏற்பாடு' என்று பள்ளி ஒதுங்கிக்கொள்ளும். வண்டி யாருடையது, எத்தனை குழந்தைகள், மாலையில் குழந்தையை யார் கையில் ஒப்படைப்பார்கள் என்பதைப் பெற்றோரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பலர் கேட்கத் தயங்குவது: பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால் பள்ளி என்ன செய்யும்? 2021-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். போக்சோ சட்டப்படி குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் ஊழியர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'நம்ம ஸ்கூல்ல அப்படி எதுவும் நடக்காது' என்பது பதில் அல்ல. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வதே பதில்.

வகுப்பறைக்குள் என்ன நடக்குது?

தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டம் வைத்திருக்கும் அடிப்படை அளவு. மகள் சேரப்போகும் செக்‌ஷனில் எத்தனை பேர், போன வருஷம் இருந்த கிளாஸ் மிஸ் இந்த வருஷமும் இருக்கிறாரா என்று கேட்கலாம். ஆண்டுதோறும் ஆசிரியர்கள் மாறும் பள்ளியில் கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும் குழந்தைக்குப் பயனில்லை.

ஹோம்வொர்க் நிறைய கொடுப்பதுதான் நல்ல பள்ளி என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பள்ளிப் பையின் எடை குழந்தையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 18 கிலோ இருக்கும் சிறுமிக்கு 1.8 கிலோதான்.

சீட் கொடுக்க குழந்தைக்கு டெஸ்ட், அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூ என்று வடிகட்டுவதையும் நன்கொடை கேட்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடை செய்கிறது. வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் அதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

25% இலவச இடம் யாருக்கு?

சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு. தமிழ்நாட்டில் நலிந்த பிரிவினருக்கான ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருப்பது முக்கியம். 8-ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது.

வழக்கமாகக் கோடையில் ஆன்லைனில் விண்ணப்பம் தொடங்கும். 2025-26-இல் மத்திய அரசின் நிதி வராததால் அக்டோபரில்தான் இந்தச் சேர்க்கை தொடங்கியது. அதனால் இதை மட்டுமே நம்பிக் காத்திருக்காமல், வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றை முன்பே தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் ஒரு தடவை பார்த்துடுங்க

• அங்கீகார ஆணை, அதன் கடைசித் தேதி
• கட்டணக் குழு நிர்ணயித்த தொகை, வருஷ மொத்தச் செலவு
• கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பள்ளி பெயரில் ரசீது
• கழிப்பறை, தொட்டிகள், வேன், ஆயா
• செக்‌ஷனில் எத்தனை குழந்தைகள், ஆசிரியர் எத்தனை ஆண்டாக இருக்கிறார்
• அங்கே ஏற்கெனவே மகளைச் சேர்த்திருக்கும் இரண்டு பெற்றோரிடம், பள்ளி விடும் நேரத்தில் கேட் அருகே ஐந்து நிமிடப் பேச்சு

கட்டணம், அங்கீகாரம் பற்றிய புகார்களை மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. குழந்தையின் பாதுகாப்பு தொடர்பாக எந்த நேரத்திலும் அழைக்க வேண்டிய எண் 1098.

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பேப்பரை எடுத்துக் காட்டும் பள்ளி, பெரிய பெயர் இல்லாவிட்டாலும், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், மற்ற பள்ளிகளைத் தேடும் முன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.