ரத்தத்தில் மட்டுமா இருக்கிறது?

விருந்துகளில் யாராவது சொல்லிவிடுவார்: "நம்ம ஆளுங்களுக்கு இனிப்புநீர் ரத்தத்திலேயே இருக்கு. ஒன்னும் பண்ண முடியாது."

எண்களும் ஆமாம் என்பதுபோல்தான் தெரிகின்றன. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் பரம்பரையோடு லயத்து வாழ்க்கையும் சேர்ந்தே வந்தது: நாள் கூலி, கடையில் கடன், தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, நோய்க்கு ஒரு டிரஸ்ஸர். ஆனாலும் அன்று உடல் உழைத்தது. 1980, 90களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தன. பால்மரம் வெட்டியவருக்கு ஜாகா வேலை. 12 மணி நேரம் நாற்காலி, நள்ளிரவில் ரொட்டி சானாய், தே தாரேக்.

அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான். ஆனால் அது பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் திறந்திருக்கும். நாள் சம்பளக்காரருக்கு அந்த 1 ரிங்கிட் மருத்துவம் ஒரு நாள் சம்பளத்தையே விழுங்கிவிடும். "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார். அதே ஆய்வில், இனிப்புநீர் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

ரத்தத்தை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பரிசோதனை வேண்டும் என்று கேட்போம். கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளியும் அதற்குக் கதவு திறக்கட்டும்.

அதுவரை, சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும் பிள்ளைகள் ஒரு நாள் விடுப்பெடுத்து அப்பாவை கிளினிக்குக் கூட்டிப்போங்கள். அவர் இழக்கும் அன்றைய சம்பளத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள்.