பற்கள் சாட்சி சொல்லுமா?

சின்னப் பிள்ளைகள் சண்டை பிடித்து ஒன்றையொன்று கடித்துவிட்டால், அழுகிற பிள்ளையின் கையைப் பார்த்தே கடித்தது யாரென்று சொல்லிவிடும் உம்மாமார் உண்டு. அவர்களுக்குச் சந்தேகம் இரண்டு மூன்று பேர் மீதுதான். ஒரு நகரத்து வாய்கள் எல்லாவற்றிலுமிருந்து ஒன்றைக் காட்டச் சொன்னால்? அமெரிக்க நீதிமன்றங்களில் சில பல் வைத்தியர்கள் நெடுங்காலம் அதைத்தான் செய்துவந்தார்கள்.

1991 டிசம்பரில் அரிஸோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரில் ஒரு பெண் கொல்லப்பட்டார். உடலில் கடித்த அடையாளம் இருந்தது. ரே க்ரோன் என்பவரை ஒரு நுரைப் பொருளைக் கடிக்கச் செய்து பொலிஸார் அவருடைய பல் அடையாளத்தை எடுத்தனர். அவருக்கு முன்பற்கள் கோணல். அவருடைய பல் அச்சைக் காயத்தின்மேல் பொருத்திக் காட்டும் வீடியோ ஜூரிமாருக்குப் போட்டுக் காட்டப்பட்டது. 1992இல் மரண தண்டனை. அந்த வீடியோ எதிர்த்தரப்புக்குக் கடைசி நேரத்தில்தான் கொடுக்கப்பட்டது என்பதால் 1995இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. 1996 மறுவிசாரணையிலும் அவரே குற்றவாளி என்றார்கள். இம்முறை ஆயுள் தண்டனை. 2002இல்தான், இறந்தவரின் உடையிலிருந்த உமிழ்நீரின் மரபணு, வேறொரு குற்றத்துக்காக ஏற்கெனவே சிறையிலிருந்த இன்னொருவருடையது எனத் தெரியவந்தது. க்ரோன் பத்து வருடத்துக்கு மேல் சிறையிலிருந்துவிட்டார்.

அப்படியானால் அந்த வீடியோவில் எப்படிப் பொருந்தியது? சகோதரிகளே, இங்கேதான் கணக்கு வருகிறது.

ஒரு பீங்கானை நேர்மேலிருந்து பார்த்தால் வட்டம். மேசைக்கு அப்பால் நின்று சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம். கமராவுக்கும் இதே கதைதான். அதனால் காயத்தின் பக்கத்தில் 'எல்' வடிவ அடிமட்டம் ஒன்றை வைத்துப் படமெடுப்பார்கள். அதில் வட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். படத்தில் ஒரு வட்டம் 20 மில்லிமீற்றர் நீளமும் 17.3 மில்லிமீற்றர் அகலமுமாகத் தெரிந்தால், விகிதம் ஏறத்தாழ 0.866. சாதாரண தரத்தில் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: 30 பாகையின் கோசைன். கமரா அவ்வளவு சாய்ந்திருக்கிறது. அந்த வட்டம் மீண்டும் வட்டமாகும்வரை படத்தை நீட்டினால் காயமும் தன் உருவத்துக்கு வரும். அடிமட்டம் தட்டை, தோள் தட்டையல்ல என்ற குறை ஒன்றுண்டு. ஆனாலும் கமராவின் பிழையை ஓரளவு திருத்திவிடலாம்.

தோலின் பிழை அப்படியல்ல. ஊதாத பலூனில் ஒரு பூ வரைந்துவிட்டு ஊதிப் பாருங்கள். தோல் அதைவிட மோசம். ஒரு பக்கமாக அதிகமும் மறுபக்கமாகக் குறைவும் இழுபடும். கை மடங்கியிருந்தபோது கடித்த அடையாளம் கை நீண்டதும் மாறிவிடும்.

இதை அளந்து பார்த்தவர்கள் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்து மேரி புஷ், பீற்றர் புஷ் ஆகியோரின் குழுவினர். அவர்கள் கையாண்ட கணித முறைக்கு 'புரோக்ரஸ்டீஸ்' என்று பெயர். விருந்தாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, குட்டையானவரை இழுத்தும் நெட்டையானவரின் காலை வெட்டியும் கட்டிலுக்குச் சரியாக்கிய கிரேக்கக் கதையின் கொடியவன் அவன். முறை அவ்வளவு கொடியதல்ல. ஒவ்வொரு பல்லிலும் புள்ளிகளைக் குறித்து, ஓர் உருவத்தை மற்றதன்மேல் நகர்த்தி, திருப்பி, முழுவதையும் ஒரே அளவாகப் பெருப்பித்தோ சிறுப்பித்தோ வைப்பார்கள். வெட்டுவதில்லை, ஒரு பக்கத்தை மட்டும் இழுப்பதுமில்லை. அதன் பிறகும் புள்ளிகளுக்கிடையே மிஞ்சும் தூரம்தான் விடை. 'பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது' என்ற பேச்சுக்குப் பதிலாக ஓர் எண்.

எண்கள் சொன்னதைக் கேளுங்கள். சடலத்தின் தோலில் ஒரே பல் அச்சினால் 23 முறை கடிக்கச் செய்தார்கள். எந்த இரண்டு அடையாளமும் அளவில் ஒன்றாக இல்லை. நூற்றுக்கணக்கான பல் அச்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது நேர்மாறான சங்கடம்: அளவீட்டால் பிரித்துச் சொல்லமுடியாத ஜோடிகள் அகப்பட்டன. ஒரே வாய் வெவ்வேறாகவும், வெவ்வேறு வாய் ஒன்றாகவும் தெரிந்தால் சாட்சியை எங்கே தேடுவது?

இறந்தவரின் பற்களைப் பல் வைத்தியரின் பழைய பதிவுகளோடு ஒப்பிடுவது வேறு விடயம். அதில் தோல் குறுக்கே வருவதில்லை. 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர் பலர் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டனர்.

கடிகாயத்தைப் பற்றி அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் 2009ஆம் ஆண்டு அறிக்கையே ஐயம் எழுப்பியது. 2016இல் டெக்ஸாஸ் மாநில ஆணைக்குழு, இத்தகைய சாட்சியத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. காயத்தில் எஞ்சியிருக்கும் உமிழ்நீரைப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் மரபணு கிடைக்கும். க்ரோனை விடுவித்தது அதுதான். தன் கோணல் பற்களை அவர் வெளியே வந்த பிறகு சரிசெய்துகொண்டார்.