பரிசு என்பது கோப்பையா, கல்வியா?

கலைக்குப் போட்டி வைக்கலாமா? ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதைக் கோடு சொல்லிவிடும். உயரம் தாண்டினால் அளவுகோல் சொல்லிவிடும். ஆனால் ஒரு பெண் ஆடிய நடனம் மற்றொரு பெண் ஆடிய நடனத்தைவிட எத்தனை அங்குலம் உயர்ந்தது என்று எந்தக் கோலால் அளப்பது? ஆகவே கலையில் போட்டியே கூடாது என்று கூறுவோர் உண்டு. போட்டி இல்லாவிட்டால் முன்னேற்றமே இல்லை என்று கூறுவோரும் உண்டு. இவ்விரு கட்சியினரும் ஒரு கேள்வியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். போட்டி முடிந்த மறுநாள் காலையில், அதில் கலந்துகொண்ட பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? இதுவே அந்தக் கேள்வி.

இதற்கு விடை தேட, அன்புத் தோழியரே, உங்களைச் சுவிட்சர்லாந்து நாட்டிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். விமானத்தில் அன்று, எழுத்தின் வழியாகத்தான்! அங்கே ஜெனீவா ஏரிக் கரையில் லொசான் என்ற அழகிய நகரம் உள்ளது. அந்நகரின் பெயரையே தாங்கி, இளம் பாலே நடனக் கலைஞர்களுக்கான உலகப் போட்டி ஒன்று ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடைபெறுகிறது. பிரெஞ்சு மொழியில் அதற்குப் 'பிரீ த லொசான்' என்று பெயர். 'லொசான் பரிசு' என்பது பொருள். பதினைந்து முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களே இதில் கலந்துகொள்ளலாம். அதாவது நம் வயதினர். நாம் அரசுத் தேர்வை நினைத்துக் கவலைப்படும் வயதில், அவர்கள் உலகின் முன் கால் விரல் நுனியில் நிற்கிறார்கள்.

பாலே என்பது ஐரோப்பிய அரண்மனைகளில் வளர்ந்த நடனம். பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி தாமே நடனமாடியவர். 1661-ஆம் ஆண்டில் அவர் நடனத்திற்கென்று ஒரு கழகத்தையே நிறுவினார். பாலே நடனப் பெண்கள் மேடையில் மிதப்பதுபோல் தோன்றுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த மிதப்பிற்குப் பின்னால் இருப்பது கடும் உழைப்பு. துணியையும் தாளையும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டிக் கெட்டியாக்கிய நுனியுள்ள காலணியில், உடல் எடை முழுவதையும் விரல்கள் தாங்க வேண்டும். எலும்பும் தசையும் அதற்கு முதிர வேண்டும் என்பதற்காக, ஏழெட்டு வயதில் பயிற்சி தொடங்கும் சிறுமியரைக்கூடப் பல ஆண்டுகள் காக்க வைத்து, பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் அந்தக் காலணியை அணிய விடுவார்கள்.

லொசான் போட்டியைத் தொடங்கியவர் ஒரு நடனக் கலைஞர் அல்லர் என்பது வியப்புக்குரிய செய்தி. கடிகாரத் தொழிலோடு தொடர்புடைய பிலிப் பிரவுன்ஷ்வைக் என்ற சுவிஸ் தொழிலதிபரே அதைத் தொடங்கினார். அவருடைய மனைவி எல்வீர் நடனமாடியவர். நல்ல திறமை இருந்தும், பெரிய பள்ளிகளில் சேர்ந்து பயிலப் பொருள் வசதி இல்லாமல் இளைஞர்கள் பலர் நின்றுவிடுவதை இத்தம்பதியர் கண்டனர். நடன மேதை மோரிஸ் பெஜாரும், புகழ்பெற்ற நடனக் கலைஞர் ரோசெல்லா ஹைடவரும் துணை நிற்க, 1973-ஆம் ஆண்டில் முதல் போட்டி நடந்தது. அதற்கு முன்பே, 1964-ஆம் ஆண்டில், பல்கேரியா நாட்டின் வார்னா நகரில் உலக பாலே போட்டி தொடங்கிவிட்டது. ஆகவே லொசான் முதலாவது போட்டி அன்று. ஆனால் அதன் நோக்கம் புதியது. சிறந்த கலைஞர் யார் என்று தேடாமல், யாரைப் பயிற்றுவித்தால் சிறந்த கலைஞர் ஆவார் என்று தேடியது அது.

அந்த நோக்கம் போட்டி நடக்கும் முறையிலேயே தெரிகிறது. தாங்கள் ஆடுவதைப் படம்பிடித்து அனுப்பும் பல நூறு பேரிலிருந்து சுமார் எண்பது பேர் தேர்வாகி லொசானுக்கு வருகிறார்கள். அவர்கள் வந்தவுடன் மேடையேறி ஆடிவிட்டுப் போவதில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் நாள்தோறும் வகுப்பில் பயில வேண்டும். ஒரு பழைய பாலே நடனப் பகுதியையும், ஒரு தற்கால நடனப் பகுதியையும் ஆசிரியர்கள் அவர்களுக்குத் திருத்திக் கற்பிப்பார்கள். நடுவர்கள் வகுப்பிற்கே வந்து பார்ப்பார்கள். நேற்றுச் சொன்ன திருத்தத்தை இன்று இப்பிள்ளை ஏற்றுக்கொண்டதா, இசையை உணர்ந்து ஆடுகிறதா, துணிவும் தனித்தன்மையும் உண்டா என்றெல்லாம் கவனிப்பார்கள். அதன் பின்னரே ஏறத்தாழ இருபது பேர் இறுதிச் சுற்றுக்குச் செல்கிறார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஆனால் முளையைப் பார்க்கவும் பொறுமை வேண்டும் அல்லவா? இரண்டு நிமிட ஆட்டத்தில் தெரியாதது ஒரு வார வகுப்பில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. இப்போட்டி வழக்கமாக நடக்கும் போலியே அரங்கம் அதன் சாய்ந்த மேடைக்குப் பேர் பெற்றது. பின்புறம் உயர்ந்து, பார்வையாளர் பக்கம் சரிந்திருக்கும் மேடை அது. சமதளத்தில் பழகிய கால்களுக்கு அங்கே சுழல்வதும் தாவி நிற்பதும் எளிதன்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. லொசானில் கூடம் உண்மையாகவே கோணல்தான்! ஆனால் எல்லாருக்கும் ஒரே கோணல் என்பதால் யாரும் குறை கூற முடியாது.

சரி, பரிசு என்ன? தனிச் சிறப்புடையோருக்குத் தங்கப் பதக்கம் அளித்த ஆண்டுகளும் உண்டு. ஆயினும் இப்போட்டியின் உயிர்நாடி உதவித்தொகையே. வெற்றி பெற்றவர், உலகின் சிறந்த நடனப் பள்ளி ஒன்றிலோ நடனக் குழு ஒன்றிலோ ஓராண்டு பயிலும் வாய்ப்பைப் பெறுகிறார். பரிசு வாங்கியவுடன் அவர் மீண்டும் மாணவராகிறார். இதைவிட அழகான பரிசு வேறு என்ன இருக்க முடியும்?

இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன். ஜப்பான் நாட்டைச் சேர்ந்த மியாகோ யோஷிதா 1983-ஆம் ஆண்டில் லொசானில் உதவித்தொகை பெற்று, இலண்டன் மாநகரின் அரச பாலே பள்ளியில் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்தின் தலைசிறந்த குழுக்களில் முதன்மை நடனக் கலைஞராகப் பல்லாண்டு ஆடினார். 2020-ஆம் ஆண்டில் ஜப்பானின் தேசிய பாலே குழுவுக்கே கலை இயக்குநரானார். வெளிநாட்டில் பெற்ற கல்வி தாய்நாட்டிற்கு வந்து சேர்ந்தது.

மற்றவர் கியூபா நாட்டுக் கார்லோஸ் அகோஸ்தா. போட்டி தொடங்கிய அதே 1973-ஆம் ஆண்டில், ஹவானா நகரில், ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டில் பதினொரு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். அவருக்கு ஆசை கால்பந்தின் மேல். தெருவில் திரியும் பிள்ளைக்கு ஒழுக்கமும் ஒரு வேளை உணவும் கிடைக்கட்டும் என்றே தந்தை அவரை அரசின் பாலே பள்ளியில் சேர்த்தார். அங்கே கட்டணம் இல்லை. 1990-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், அவர் லொசானில் தங்கப் பதக்கம் பெற்றார். இலண்டன் அரச பாலே குழுவில் பல ஆண்டுகள் புகழோடு ஆடிய அவர், 2020 முதல் பர்மிங்காம் அரச பாலே குழுவின் இயக்குநராகப் பணியாற்றி வருகிறார்.

இவ்விரண்டு வாழ்க்கைகளையும் படிக்கும்போது, போட்டி நல்லதே என்று உடனே தீர்ப்புக் கூறிவிடத் தோன்றும். ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தோற்றவர்கள். எண்பது பேரில் பரிசு பெறுவோர் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். மற்றவர்கள்? பதினைந்து வயதில், "நீ போதாது" என்ற சொல் இரும்பைப் போல் நெஞ்சில் இறங்கும். எங்கோ ஒரு நாட்டில் தாயும் தந்தையும் கடன் வாங்கிக்கூட அனுப்பியிருக்கலாம். இதற்கு லொசானில் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். இறுதிச் சுற்றுக்கு வராதவர்களும் பள்ளி முதல்வர்களுக்கும் குழு இயக்குநர்களுக்கும் முன்னால் மீண்டும் ஒரு முறை பயின்று காட்டவும், அவர்களைச் சந்திக்கவும் ஏற்பாடு செய்கிறார்கள். அங்கிருந்தே பள்ளியில் இடம் பெற்றுச் செல்வோர் உண்டு. தோற்றவருக்கும் ஒரு கதவைத் திறந்து வைக்கும் போட்டியே மனிதத் தன்மையுள்ள போட்டி என்பேன்.

இரண்டாவது, உடல்நலம். இதைப் பற்றி எழுதச் சிலர் கூசுவார்கள். ஆனால் பெண்களாகிய நாமே எழுதாவிட்டால் யார் எழுதுவார்? பாலே உலகம் மெலிந்த உடலை அளவுக்கு மீறிப் போற்றி வந்திருக்கிறது. அதனால் பசியைப் பகைவனாக எண்ணி, உண்ண மறுத்து நோயுற்ற இளம்பெண்கள் பலர். வளரும் வயதில் போதிய உணவில்லாமல் கடுமையாக உழைத்தால், பெண்ணுடலின் இயல்பான முறை தடைப்படுகிறது, எலும்பு வலுவிழக்கிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். லொசான் போட்டியில் கலந்துகொள்வோர் உயரம், எடை, உணவுப் பழக்கம் முதலியவற்றைக் குறித்த உடல்நலப் படிவம் தர வேண்டும் என்று விதி உள்ளது. இது பாராட்டத்தக்கது. ஆனால் அதே போட்டியில் நடுவர்கள் நோக்கும் பண்புகளில் 'உடற்பொருத்தம்' என்பதும் ஒன்று. ஒரு கையால் "நன்றாகச் சாப்பிடு" என்று ஊட்டி, மறு கையால் "உன் உடல் பொருந்துமா?" என்று அளந்தால், ஒரு சிறுமி எந்தக் கையை நம்புவாள்? சில மூட்டுகளுக்கும் பாதங்களுக்கும் இந்த நடனம் தீங்கு செய்யும் என்பது உண்மையாகலாம். அப்படியானால் அதை மருத்துவர் சொல்லட்டும். மதிப்பெண் இடுபவர் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, வாய்ப்பு. அகோஸ்தாவின் வரலாற்றை, "ஏழையும் வெல்லலாம்" என்று பலர் கூறி முடித்துவிடுகிறார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அவரை லொசான் கண்டுபிடிக்கவில்லை. ஒன்பது வயதில் அவரைச் சேர்த்துக்கொண்ட இலவசப் பள்ளியே கண்டுபிடித்தது. அந்தப் பள்ளி இல்லையென்றால், சுவிட்சர்லாந்தில் எத்தனை உதவித்தொகை காத்திருந்தாலும் அந்தச் சிறுவன் அதை அடைந்திருக்க முடியாது. பதினைந்து வயதுப் போட்டியின் வாயில், எட்டு வயதிலேயே ஆசிரியர் கிடைத்தவர்களுக்கு மட்டும் திறக்கிறது. ஆகவே, போட்டிகளுக்குப் பொருள் தருவோர் அதில் ஒரு பங்கைத் தொடக்கப் பயிற்சிக்கும் தர வேண்டும். உச்சியில் விளக்கு வைத்தால் மட்டும் போதாது, படிகளும் கட்ட வேண்டும்.

இப்போது என் முடிவைக் கூறுகிறேன். கலைக்குப் போட்டி வைக்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள். பரிசு மேலும் கற்க வழி செய்ய வேண்டும். தோற்றவரும் எதையாவது பெற்றுத் திரும்ப வேண்டும். போட்டியிடும் பிள்ளையின் உடலும் உள்ளமும் போட்டியைவிட மேலானவையாகக் கருதப்பட வேண்டும். இம்மூன்றில் முதல் இரண்டை லொசான் பெருமளவு நிறைவேற்றுகிறது. மூன்றாவதில் பாதி வழி வந்திருக்கிறது என்பேன்.

இது பாலே பற்றிய செய்திதானே, நமக்கு என்ன என்று யாரேனும் கேட்கலாம். நம் பள்ளிகளிலும் பேச்சு, பாட்டு, நடனம், கட்டுரை என்று போட்டிகளுக்குக் குறைவில்லை. முதல் மூன்று பெயர்களைப் படித்தவுடன் கைதட்டல், அத்துடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. நான்காவதாக வந்தவள் தான் ஏன் நான்காவது என்பதை அறிவதே இல்லை. இருபதாவதாக வந்தவளின் குரலில் இருந்த ஓர் இனிமையை நடுவர் கவனித்திருந்தாலும், அதை அவளிடம் சொல்வதில்லை. பெற்றோரும் வீட்டில் முதலில் கேட்பது "பரிசு கிடைத்ததா?" என்பதுதான். அருட்சகோதரியர்க்கும், ஆசிரியைகளுக்கும், பெற்றோர்க்கும் என் பணிவான வேண்டுகோள் இது. கலந்துகொண்ட ஒவ்வொருத்திக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எது நன்றாக இருந்தது என்று ஒரு வரி, எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு வரி. வீட்டில் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். இதற்குச் செலவு ஒரு தாளும் சிறிது நேரமும்தான்.

கோப்பை அலமாரியில் இருக்கும், ஆண்டுக்கு ஒரு முறை தூசி தட்டப்படும். கற்றது நம்மோடு நடந்து வரும். எந்த மேடையானாலும், அது கோணலான மேடையே ஆனாலும், நம்மைத் தாங்கி நிற்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி