கைப்பேசிக்குள் இருக்கும் தோட்டம்

தோட்டம் கைமாறிப் போச்சு, லயத்தையும் இடிச்சாச்சு. ஆயாக்கொட்டகை, கோயில் திருவிழா, பால்வாளியோடு நிற்கும் அப்பா, எல்லாப் படமும் மகன் கைப்பேசியில் பத்திரம் என்கிறீர்கள். அது யார் வீட்டில் இருக்கிறது, தோழர்களே?

கம்பெனி லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இது புரியும். நோட்டீஸ் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் இளைஞர்கள் ராப்பகலாய்க் கிடந்த பிரண்ட்ஸ்டர் ஞாபகம் இருக்கா? மலேசியக் கம்பெனி ஒன்றே பின்னாளில் அதை வாங்கியது. 2011-ல் பழைய படம், மடல் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். முன்கூட்டிச் சொல்லத்தான் சொன்னார்கள். எத்தனை பேர் போய் எடுத்தார்கள்? 2 ஆண்டு திறக்காத கணக்கை அழிக்கலாம் என்று கூகுளும் 2023-ல் விதி போட்டது. கண்ணை மூடிய அண்ணனின் கணக்கை யார் திறப்பது?

படம் போனால் மனசு வலிக்கும். சம்பளச் சீட்டு போனால்? அதுவும் இப்போது சில இடங்களில் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பாக்கிச் சம்பளம் கேட்டு லேபர் ஆபீசுக்குப் போய், “போன் தண்ணியில விழுந்துருச்சுங்க” என்றால் வழக்கு நிற்குமா? மாதாமாதம் சீட்டை அச்செடுத்துத் தகரப்பெட்டியில் வையுங்கள். படங்களுக்குப் பென்டிரைவில் இரண்டு பிரதி. ஒன்று பட்டணத்து மகளிடம் இருக்கட்டும். படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று இந்தத் தீபாவளிக்கே பாட்டியிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.