தலைகீழ் வளையத்தில் பெல்ட்டுக்கு வேலை இல்லை

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அண்மையில் அவள் பள்ளியில் பிள்ளைகளைப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். திரும்பி வந்ததும் ஒரு சிறு தேர்வு. அதில் ஒரு கேள்வி: ரோலர் கோஸ்டர் வளையத்தின் உச்சியில் தலைகீழாக இருக்கும் பயணி ஏன் கீழே விழுவதில்லை? 'வேகமும் வளைவும் காரணம். அந்த இடத்தில் இருக்கைதான் என்னை அழுத்தியது' என்று எழுதியிருக்கிறாள். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'பாதுகாப்பு பெல்ட்' என்று பக்கத்தில் எழுதிச் சுழியம் போட்டிருக்கிறார்கள். "மாமா, நான் உட்கார்ந்து பார்த்துட்டுத்தானே எழுதினேன்?" என்று கேட்கிறாள். ஏறி அமர்ந்து, உடம்பால் உணர்ந்து, சரியாக எழுதிய பிள்ளைக்குச் சுழியம்!

அந்த ஆசிரியர் ஒருவரின் பிழை என்றால் மன்னித்துவிடலாம். ஊரே இப்படித்தான் நம்புகிறது. ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "பெல்ட் மட்டும் அறுந்துதுன்னா அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. இவர்களை எல்லாம் ஒருமுறை ஒலிம்பியா லூப்பிங்கின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் அக்டோபர் திருவிழாவுக்கு 1989இல் வந்த கோஸ்டர் அது. கழற்றி லாரிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பூட்டுகிறார்கள். லண்டன் ஹைட் பார்க்கின் குளிர்காலத் திருவிழாவிலும் அது ஓடியிருக்கிறது. ஒலிம்பிக் வளையங்களைப் போல அதற்கு ஐந்து வளையங்கள். ஐந்து முறை தலைகீழாகப் போகிறவர்களுக்குத் தோளிலிருந்து மார்புவரை இறங்கிப் பூட்டும் கவசம் உண்டா? கிடையாது. மடிமேல் ஒரு கம்பி, அவ்வளவுதான். பெல்ட்தான் தாங்குகிறது என்றால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வளையங்களில் தலைகீழாகப் போய்வந்தவர்களைத் தாங்கியது எது? தோளுக்கு மேல் எதுவுமே இல்லாமல் அவர்கள் எப்படிச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்?

கணக்கு எளிது. வளையத்தின் உச்சியில் ஆரம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ரயில் வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போனால், புவியீர்ப்பு முழுவதும் பயணியை வளைத்துத் திருப்புவதற்கே செலவாகிவிடும். இருக்கையும் அவரை அழுத்தாது, அவரும் இருக்கையை விட்டுப் பிரியமாட்டார். மணிக்கு 25 கிலோமீட்டர்! நகரப் பேருந்து இதைவிட வேகமாகப் போகும். வேகத்தை வினாடிக்கு 10 மீட்டராக்கினால், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், புவியீர்ப்பு மட்டும் அந்தத் திருப்பத்துக்குப் போதாது. மீதியை இருக்கை தர வேண்டும். 50 கிலோ எடையுள்ள மாணவியை அது ஏறக்குறைய அவள் எடைக்குச் சமமான விசையுடன் தரையை நோக்கித் தள்ளும். அவளுக்கு அடியில் எடைக்கருவி வைத்தால், தலைகீழாக இருக்கும் அந்த நொடியிலும் அது 50 கிலோவுக்குச் சற்றே கூடுதலாகக் காட்டும். எண்பது கிலோ ஆள் உட்கார்ந்தாலும் விழாமல் இருக்கத் தேவையான வேகம் அதே 7 மீட்டர்தான். சமன்பாட்டில் நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. குண்டான பையனை 'நீ விழுந்துடுவ' என்று கேலி செய்கிற வழக்கத்துக்கும் இயற்பியலில் இடமில்லை.

இன்னும் தெளிவாகவே சொல்கிறேன். உச்சியில் நாம் விழுந்துகொண்டுதான் இருக்கிறோம். நாம் விழுவதைவிட விரைவாகத் தடம் கீழ்நோக்கி வளைகிறது. அதனால்தான் இருக்கை நம்மைத் துரத்திப் பிடித்து அழுத்துகிறது. இது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத விஷயமா? அவள் உடம்புக்கே புரிந்திருக்கிறது.

ரயில் வேகம் இழந்து உச்சியில் நின்றுவிட்டால் கம்பி தேவைப்படும், ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்றே மெதுவாகப் புரட்டித் தொங்கவிடும் கோஸ்டர்களும் உண்டு. கேள்வியில் இருந்தது அவை அல்ல. ஓடுகிற ரயில், வளையம்.

கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976இல் 'ரெவல்யூஷன்' ஓடத் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் செங்குத்து வளையங்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். அன்டன் ஷ்வார்ட்ஸ்காஃப் கட்டினார், வெர்னர் ஷ்டெங்கல் கணக்குப் போட்டார். பிற்பாடு ஒலிம்பியா லூப்பிங்கை உருவாக்கியதும் இதே இருவர். ரெவல்யூஷனிலும் ஆரம்பத்தில் மடிக் கம்பிதான் இருந்தது. 1990களில் தோள் கவசத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அது பயணிகளின் தலையில் இடித்ததுதான் மிச்சம். 2016இல் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி மடிக் கம்பிக்கே வந்தார்கள். பெல்ட்டை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இந்த இடத்தில் பாடத்திட்டத்தின் மேல் எனக்குள்ள கோபத்தையும் சொல்லியாக வேண்டும். செங்குத்து வட்ட இயக்கம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வளையத்தின் அடியில் 'ரூட் ஃபைவ் ஜிஆர்' வேகம் வேண்டும் என்று பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். கூடவே ஒரு படம், காம்பஸ் வைத்துப் போட்ட சுத்தமான வட்டம். இன்று எந்தப் பொறியாளர் ரோலர் கோஸ்டருக்கு அப்படி ஒரு வட்டம் போடுகிறார்? நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1895இல் லினா பீச்சர் என்பவர் போட்டார். 'ஃப்ளிப் ஃப்ளாப்' என்று பெயர். 25 அடி உயரத்தில் முழு வட்டம். வட்டத்துக்குள் நுழைந்த கணமே பயணிகளின் எடை பன்னிரண்டு மடங்கு ஆனதாகச் சொல்வார்கள். கழுத்து வலியோடு இறங்கினார்கள், அது இருந்த பூங்காவும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இந்த வட்டத்தைத்தான் நம் பிள்ளைகள் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

அதே 5 மீட்டர் ஆரத்தில் முழு வட்டம் போட்டால், உச்சியில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் மாணவிக்கு அடியில் எடை ஏழு மடங்காகும். 350 கிலோவாக உணர்வாள். இதைத் தவிர்க்கத்தான் ஷ்டெங்கல் கவிழ்த்துவைத்த நீர்த்துளியின் வடிவத்தை எடுத்தார். வேகம் அதிகமான அடியில் வளைவு தளர்வு, வேகம் குறைந்த உச்சியில் வளைவு இறுக்கம். க்ளோதாய்டு என்று பெயர். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் நேர்கோட்டிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் இதே வளைகோட்டைத்தான் பொறியாளர்கள் போடுகிறார்கள். இவ்வளவு அழகான ஒன்றைப் பிள்ளைகள் கண்முன்னே நிறுத்தியிருக்கிறது அந்தப் பூங்கா. யாராவது விரலை நீட்டி, "பாருங்கள், இது வட்டம் இல்லை" என்று சொன்னார்களா? சொல்லவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், ஆசிரியர்கள் கேன்டீனில் உட்கார்ந்தார்கள், பெற்றோரிடம் வாங்கிய பணத்துக்குக் 'கல்விச் சுற்றுலா' என்று ரசீது தந்தார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் இயற்பியல் நாள் என்று ஒதுக்கி, மாணவர்களை ஸ்டாப்வாட்ச்சோடு உள்ளே விடுகிறார்கள். ரயிலின் நீளம் 12 மீட்டர், அது உச்சியைக் கடக்க 1.2 வினாடி ஆகிறது என்றால் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். கீழே நின்று அளந்துவிடலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பெல்ட்டை வளையத்தில் கொண்டுபோய் வைக்கும் இந்த நம்பிக்கையை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அது ஆளைக் கொல்லக்கூடியது. கம்பி உண்மையில் உயிரைப் பிடித்துவைக்கும் இடம் மேடு. தடம் திடீரென்று கீழே சாயும்போது, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பயணியின் உடல் பழைய போக்கிலேயே மேலே போகப் பார்க்கும். வயிற்றில் ஏதோ கழன்றதுபோல் தோன்றுவது அங்கேதான். வளையத்தில் இருக்கை நம்மை அழுத்துகிறது, மேட்டில் இருக்கை நம்மைக் கைவிடுகிறது. அங்கே நம்மைக் கீழே இழுத்துப் பிடிப்பது மடிக் கம்பி ஒன்றுதான்.

மாசசூசெட்ஸில் 2004, நியூயார்க் மாநிலத்தில் 2011, டெக்சாஸில் 2013. மூன்று இடங்களிலும் ஓடும் கோஸ்டரிலிருந்து பயணி தூக்கி எறியப்பட்டு இறந்தார். அந்த மூன்று கோஸ்டர்களிலும் தலைகீழ் வளையம் ஒன்றுகூடக் கிடையாது! உயரமும் மேடும் திருப்பமும்தான். ஒலிம்பியா லூப்பிங்கில் ஐந்து முறை தலைகீழாகப் போகிறவரை மடிக் கம்பியோடு விட்டுவிடலாம். மேட்டைத் தாண்டுகிறவரின் கம்பி அவர் உடம்போடு ஒட்டிப் பூட்டியிருக்காவிட்டால் உயிர் போகும்.

நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? 'ஆபத்து வளையத்தில்' என்று சொல்லி வளர்த்ததால், வளையம் வந்ததும் கண்ணை மூடிக் கம்பியை இறுகப் பற்றுகிறார்கள். அது முடிந்ததும் 'தப்பிச்சோம்' என்று கையைத் தூக்குகிறார்கள், இருக்கையிலிருந்து எம்பிப் பார்க்கிறார்கள், பின்னால் இருக்கும் தோழியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்து வருவது மேடு. கம்பியைப் பூட்டும் நேரத்தில் வயிற்றை உப்பி வைத்துக்கொண்டு, பிறகு தளர்த்திக்கொள்ளும் வித்தையைப் பையன்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். மேலே போகும்போது கொஞ்சம் 'பறக்கலாம்' என்று ஆசை. இதைக் கண்டிக்க ஓர் ஆள் இல்லை.

அடுத்த சுற்றுலாவுக்குப் பேருந்து கிளம்பும் முன் ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இதுதான்: கம்பி பூட்டும்போது முதுகை இருக்கையோடு ஒட்டி உட்காருங்கள், வயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவே பையோ துப்பட்டாவோ வைக்காதீர்கள், கம்பி உடம்போடு பொருந்தவில்லை என்றால் வெட்கப்படாமல் ஊழியரைக் கூப்பிட்டு இறங்கிவிடுங்கள், மேடு வரும்போது எம்பாதீர்கள்.