'பாரனாய்டு' ஏன் இன்னும் கனக்கிறது?

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் நகரின் வில்லா பார்க் மைதானத்தில் 'பிளாக் சபாத்' குழுவின் நால்வரும் கடைசி முறையாக ஒன்றாக மேடையேறி, நான்கே பாடல்களை வாசித்தார்கள். அவற்றில் மூன்று 1970 செப்டம்பரில் வெளியான 'பாரனாய்டு' ஆல்பத்தில் உள்ளவை. 17 நாள் கழித்து பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானார். அரை நூற்றாண்டு தாண்டியும் ஒரு ஹெவி மெட்டல் ஆல்பம் கேட்கப்படுகிறதென்றால் ஆவேசமும் இரைச்சலும்தான் காரணம் என்று பலரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைவிட இரைச்சலான ஆல்பங்கள் பிறகு எத்தனையோ வந்து மறைந்துவிட்டன. இது நிலைத்ததற்குக் காரணம், சாதாரண மக்களின் பயத்தைப் பூசி மெழுகாமல் பேசியதும், அந்தப் பேச்சு காதில் விழும்படி இசையில் இடம் விட்டதும்தான்.

முதல் பாடலான 'வார் பிக்ஸ்' ஏறக்குறைய எட்டு நிமிடம். கிதார் மெதுவாக ஊர்ந்து வருகிறது. அதன் மேல் விமானத் தாக்குதலை எச்சரிக்கும் சங்கு ஒலிக்கிறது. பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது. டோனி ஐயோமியின் கிதார் இரண்டே அடி அடித்து நின்றுவிட, டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டின் ஹை-ஹாட் தாளத்தட்டு மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வெற்றிடத்தில் ஆஸ்போர்னின் குரல் தனியாக எழுகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று காது காத்துக்கிடக்கிறது. இந்த இசையின் கனம் முழுக்க அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. அது பிறந்த விதமும் கவனிக்கத்தக்கது. ஐயோமி 17 வயதில் ஒரு தகட்டு ஆலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் விரல்களே போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் 'கார்டு'கள் பலவும் கைக்கு எட்டாமல் போகவே, எட்டிய சில சுரங்களைப் பருமனாக ஒலிக்கவைக்கும் வழியைத் தேடினார்.

நால்வரும் 1948, 1949-இல் பிறந்தவர்கள். ஜெர்மானியக் குண்டுவீச்சின் இடிபாடுகள் இன்னும் கிடந்த, பர்மிங்காமின் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர்கள். அந்தச் சங்கொலி அவர்களுக்கு வெறும் ஒலி அலங்காரமாக இருந்திருக்க முடியாது. வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதிய, குழுவின் பேஸ் கிதார் கலைஞர் கீசர் பட்லர், 'எலக்ட்ரிக் ஃபியூனரல்' பாடலில் அணு ஆயுத அழிவையும், 'ஹேண்ட் ஆஃப் டூம்' பாடலில் வியட்நாம் போர்வீரர்களைப் பிடித்த ஹெராயினையும் எழுதினார். ஆல்பத்தின் நீளம் போதவில்லை என்று அவசரமாகச் சேர்த்த மூன்று நிமிடம்கூட வராத தலைப்புப் பாடல், பிரிட்டன் தரவரிசையில் 4-வது இடம் வரை ஏறியது. மனச்சோர்வைத்தான் அதில் எழுதினேன் என்று பட்லர் பின்னாளில் சொன்னார். ஆலைத் தொழிலாளர் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது.

இது சாத்தானைத் துதிக்கும் இசை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. 'வார் பிக்ஸ்' பாடலில் சாத்தானின் பிடியில் சிக்குவது ஏழைகளைப் போருக்கு அனுப்பிய தளபதிகள்தான்; அது கண்டனப் பாட்டு. வரிகள் முரட்டுத்தனமானவை என்பது வலுவான ஆட்சேபம். உண்மைதான், அந்தப் பாடலின் தொடக்க எதுகையே பலவீனமானது. ஆனால் பயந்த மனிதன் செதுக்கிப் பேசுவதில்லை. மெருகேற்றியிருந்தால் அதன் நேர்மை கெட்டிருக்கும். பழைய நினைவின் மயக்கம்தான் இது என்பாரும் உண்டு. 1970-இல் பிறந்தே இராத இளைஞர்கள் இன்றும் கிதார் பழகத் தொடங்கும்போது இதே ஆல்பத்தின் 'அயர்ன் மேன்' பாடலை வாசித்துப் பார்க்கிறார்களே, அவர்களுக்கு ஏது பழைய நினைவு?

ஹெவி மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்பவர்கள் 'வார் பிக்ஸ்' பாடலை ஒருமுறை, இடையில் நிறுத்தாமல், கடைசிவரை கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதன் பிறகு சொல்லுங்கள்.